மில்ஃபோர்டு சவுண்டுக்கு பஸ்ஸா, விமானமா?

நியூசிலாந்து போய் வந்ததிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "ஆத்தாவைக் கூட்டிக்கிட்டு மலைக்கு நடுவுல இருக்கிற கடலுக்குப் போனீகளாமே, எதுல போனீக?" காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஆக்லாந்திலோ சிட்னியிலோ பிள்ளை இருக்கும் வீடுகள் இப்போது நிறைய. பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மில்ஃபோர்டு சவுண்டு தெற்குத் தீவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பனியாறு மலையைக் குடைந்து போட்ட பள்ளத்தில் பிற்பாடு கடல் வந்து புகுந்துகொண்ட இடம். இதை ஃபியோர்டு என்பார்கள். படகு போகிற நீளம் 15 கிலோமீட்டர் சொச்சம். தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்கும் மைட்டர் சிகரத்தின் உயரம் 1,692 மீட்டர். நம் பிரான்மலை மேல் இன்னொரு பிரான்மலையைத் தூக்கி வைத்தாலும் அதன் உச்சிக்கு எட்டாது.

பெரும்பாலோர் தங்குவது குயின்ஸ்டவுனில். அங்கிருந்து மில்ஃபோர்டு நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான், காரைக்குடியிலிருந்து மதுரை போகிற தூரம்கூட இல்லை. ஆனால் குறுக்கே மலைத்தொடர் இருப்பதால் ரோடு தெற்கே இறங்கி, தே அனாவ் ஊரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வடக்கே ஏறுகிறது. அதனால் அது 290 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. பஸ்ஸில் போய்ப் படகு ஏறிப் பஸ்ஸிலேயே திரும்பினால் 12, 13 மணி நேரம். சிறிய விமானத்தில் போய்ப் படகு ஏறி விமானத்திலேயே திரும்பினால் மொத்தமே 4 மணி நேரம்தான். கட்டணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

பணம் இருந்தால் விமானம், இல்லாவிட்டால் பஸ் என்று இதை முடித்துவிட முடியாது. முதல் தடவை நானும் வீட்டுக்காரியும் இரண்டு வழியும் பஸ்ஸில்தான் போனோம். போகும்போது பார்த்த ரோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எக்லிண்டன் பள்ளத்தாக்கில் பொன்னிறப் புல்வெளி, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை. அப்புறம் ஹோமர் சுரங்கம். 1935-இல் சில ஆட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கிய வேலை, பனிச்சரிவில் உயிர்ப்பலி, நடுவில் உலகப்போர் எல்லாம் தாண்டி 1954-இல்தான் வண்டிகளுக்குத் திறந்தார்கள். நீளம் 1.2 கிலோமீட்டர். பாறையைச் செதுக்கியது செதுக்கியபடியே கிடக்கிறது, நீர் சொட்டுகிறது, மில்ஃபோர்டு பக்கம் சரிவாக இறங்குகிறது. வாசலில் பச்சை விளக்கு விழுவதற்குக் காத்திருந்தபோது கேயா என்ற மலைக்கிளி ஒன்று முன்னால் நின்ற காரின் கூரையில் உட்கார்ந்து, கண்ணாடி ஓரத்து ரப்பரை அலகால் நிதானமாக உரித்துக்கொண்டிருந்தது. விமானத்தில் போகிறவர்களுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்காது.

ஆனால் திரும்பும் வழியும் அதே ரோடுதான். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், ஏப்ரல், மே மாதங்களில் போகிறோம். அது அங்கே இலையுதிர் காலம். மே நடுவில் சாயங்காலம் ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். தே அனாவ் தாண்டினால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். நாங்கள் திரும்பி வந்த நாலு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இருட்டு. எனக்கே இடுப்பு கழன்றுவிட்டது. எழுபது தாண்டியவர்களை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

அதனால் இந்தத் தடவை ஆத்தாவுக்காக இரண்டு வழியும் விமானத்துக்கே பதிவு செய்தேன். அன்று காலையில் மேகம் இறங்கிவிட்டது, விமானம் போகாது என்று போன் வந்தது. விமானத்தை மட்டும் நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்தக் கரையில் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சிவகங்கைச் சீமையில் ஒரு வருஷத்துக்கு 900 பெய்தாலே ஊருணி நிறைந்தது என்று சந்தோஷப்படுவோம். அவ்வளவு மழை பெய்யும் இடத்தில் சின்ன விமானம் ரத்தாவது சாதாரணம்.

மழை நாளில் போனால் வீண் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். மில்ஃபோர்டில் எப்போதும் விழுகிற பெரிய அருவிகள் இரண்டுதான், போவனும் ஸ்டிர்லிங்கும். இரண்டும் 150 மீட்டருக்கு மேல் உயரம். மற்றவை மழையோடு பிறந்து, மழை ஓய்ந்து ஓரிரு நாளில் காய்ந்துபோகிறவை. நாங்கள் மறுநாள் போனபோது ராத்திரி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கான அருவிகள். ஆத்தா படகின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "ஐப்பசி மழைக்கு நம்ம வளவுல நாலு பக்கமும் ஓட்டுலேருந்து கொட்டுமே, அண்டா அண்டாவா வைப்போமே, அது மாதிரி இருக்குப்பா" என்றார். அவருடைய ஐயா பினாங்குக்குக் கப்பலில் போய் வந்தவர். ஒரு வாரம் தண்ணீரைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்வாராம். படகு ஸ்டிர்லிங் அருவிக்கு அடியிலேயே போய் நின்றபோது ஆத்தாவின் சேலை முந்தானை நனைந்துவிட்டது. மழைக் கோட்டைச் சேலைக்கு மேலேயே போட்டுவிடுங்கள், குடை அந்தக் காற்றுக்கு நிற்காது.

மறுநாள் நாங்கள் போனது மூன்றாவது வழியில். போகும்போது பஸ், படகு, திரும்பும்போது விமானம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். காலை வெளிச்சத்தில் ரோட்டைப் பார்த்தாயிற்று, சுரங்கத்தைப் பார்த்தாயிற்று. இருட்டுப் பயணத்துக்குப் பதிலாக 40 நிமிடம் மலைகளுக்கு மேலே. ஏறும் முன் ஒவ்வொருவரையும் எடை போட்டு, அதற்குத் தகுந்தாற்போல உட்கார வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஜன்னல் உண்டு. மேலே போனதும் மலை உச்சிகளில் குளம் குளமாகத் தெரிந்தது. அதில் க்வில் (Quill) என்ற ஏரியின் விளிம்பிலிருந்து வழிந்து 580 மீட்டர் இறங்குகிறது சதர்லண்ட் அருவி. பல நாள் நடைப்பாதையில் போகிறவர்களும் வானத்தில் போகிறவர்களும்தான் அதைப் பார்க்க முடியும். விமானம் அதைக் காட்டிக்கொண்டே சாய்ந்து திரும்பியபோது ஆத்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், ஆனால் கண்ணை மூடவில்லை. ஆறு மணிக்கெல்லாம் அறையில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திரும்பும் விமானம் ரத்தானால் பெரும்பாலும் பஸ்ஸில் இடம் தருவார்கள், பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதோடு போட்டி போடுவது டவுட்ஃபுல் சவுண்டு. 1770-இல் கேப்டன் குக், உள்ளே போனால் திரும்பி வரக் காற்று கிடைக்குமா என்று சந்தேகப்பட்டு வைத்த பெயர். 40 கிலோமீட்டர் நீளம், கூட்டம் குறைவு. நடுவில் படகு என்ஜினை நிறுத்திவிடுவார்கள், பறவைச் சத்தமும் தண்ணீர் சொட்டுவதும் மட்டும் கேட்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் மில்ஃபோர்டைவிட அது நெருக்கமான இடம். ஆனால் பஸ், மனபூரி ஏரியில் படகு, மறுபடி மலைப்பாதையில் பஸ், அப்புறம் கடல் படகு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் வலி இல்லாதவர்கள் அவசியம் போகலாம்.

எந்த வழியானாலும் மணல் ஈக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், கடித்தால் நாலு நாள் அரிக்கும். சைவச் சாப்பாடு வழியில் அரிது, அறையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு போனது எங்களுக்குக் கைகொடுத்தது. இங்கிருந்து கொண்டுபோகும் தேன்குழல், பொடி வகையெல்லாம் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

குயின்ஸ்டவுனில் இறங்கிய மறுநாளுக்கே மில்ஃபோர்டைப் பதிவு செய்யுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். எங்களுக்கு இன்னும் மூன்று நாள் கையில் இருந்ததால்தான் ரத்தான அன்று ஆத்தாவோடு ஏரிக்கரையில் நிம்மதியாக நடக்க முடிந்தது.