நாய் பொருளைக் கெடுத்தால்: முன்பணமா, பிறகு பில்லா?

பிறர் நாய்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: சேதத்துக்காக உரிமையாளரிடம் முன்பணம் வாங்கி வைப்பதா, சேதமான பிறகு பில் கொடுப்பதா? போன மாதம் என்னிடம் வந்த 5 மாத லாப்ரடார் பிறாண்டியதில், படுக்கையறைக் கதவின் அடியில் ப்ளைவுட் நார்நாராக உரிந்து தொங்கியது. அது சேட்டை இல்லை. தன் வீட்டு ஆளைக் காணாத பதற்றம், பாவம்.

பணம்
முன்பணம்: கையிலேயே இருக்கும். ஆனால் சோபா கிழிந்தால் போதாது.
பில்: முழுச் செலவையும் கேட்கலாம். தருவாரா என்பது உரிமையாளர் மனசு.

பேச்சு
முன்பணம்: முதல் நாள் கேட்கக் கூச்சம், அப்புறம் நிம்மதி.
பில்: முதல் நாள் சுமுகம், கடைசி நாள் வாக்குவாதம்.

ஆதாரம் இரண்டுக்குமே வேண்டும். நாய் வரும் முன்பே கதவு, சோபா, மெத்தையைப் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பல் மாறும் 4 முதல் 6 மாதக் குட்டி எதையும் கடிக்கும். அதற்கும், முதல்முறை வரும் நாய்க்கும் முன்பணம்தான் சரி. வருடக்கணக்காக வந்துபோகும் நாய்க்குப் பில் போதும். மூத்திரக் கறைக்கு மட்டும் நான் யாரிடமும் காசு கேட்பதில்லை. மெத்தைமேல் ரெக்சின் விரித்துவிடுகிறேன்.