யானாச்செக்கின் திருப்பலியும் ஆன்செர்லின் பதிவும்

செக் இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக்கின் ‘கிளகோலிட்டிக் திருப்பலி’ (பழைய ஸ்லாவிய எழுத்துமுறையின் பெயரைத் தாங்கிய, திருப்பலி வழிபாட்டுக்கான இசை), வாத்தியக் குழுவுக்கான ‘தாராஸ் புல்பா’ ஆகிய இரண்டையும் ஒரே குறுந்தட்டில் தரும் செக் இசை நிறுவனமான சுப்ராஃபோனின் வெளியீடு, நடத்துநர் கரெல் ஆன்செர்லின் தலைமையில் செக் ஃபில்ஹார்மோனிக் குழு 1960களின் தொடக்கத்தில் வாசித்த பதிவாகும். திருப்பலி என்றதும் ஆலயத்தின் அமைதியை எதிர்பார்த்துக் கேட்பவரை, தொடக்கத்திலேயே முழங்கும் ட்ரம்பெட்டுகள் திகைக்க வைக்கும்.

யானாச்செக் ஆலயத்துக்குச் செல்லும் வழக்கம் உடையவர் அல்லர். 1926 கோடையில், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் லுஹாச்சோவிட்சே நகரில் தங்கியிருந்தபோது, தம் 72ஆம் வயதில் இதை எழுதத் தொடங்கிய அவர், லத்தீனை விடுத்து, 9ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்களான சிரிலும் மெத்தோடியசும் மொராவியாவுக்குக் கொண்டுவந்த பழைய ஸ்லாவிய வழிபாட்டு மொழியைத் தேர்ந்தார். செக்கோஸ்லோவாக் குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவு அவர் மனத்தில் இருந்தது. 1927 டிசம்பர் 5 அன்று மொராவியாவின் பர்னோ நகரில் முதன்முறை அரங்கேறியதைக் கண்ட அவர், 1928 ஆகஸ்டில் மறைந்ததால், அக்டோபரில் வந்த அந்த விழாவைக் காணவில்லை.

இந்தப் பின்னணியை ஆன்செர்ல் நன்கு உணர்ந்து நடத்தியிருக்கிறார் என்பதே என் மதிப்பீடு. கிறித்தவ நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தின் நடுவே குரல்கள் ஓய்ந்து, வாத்தியங்களும் ஆர்கனும் மட்டும் சிலுவைப்பாட்டை நோக்கி முன்னேறும் இடத்தில், அவர் உருக்கத்தைக் கூட்டாமல் தாளத்தை இறுக்கிப் பிடிப்பதால் அச்சம் தானாகவே எழுகிறது. பெனோ பிளாக்குட்டின் டெனர் (உயர்ந்த ஆண்) குரல், உச்சத்திலும் கெஞ்சாமல் அறைகூவுகிறது. ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடகிக்கு இப்படைப்பில் வேலை மிகக் குறைவு. அது எழுதியவரின் கணக்கு. பாடல் முடிந்த பின், ஒரே சிறு இசைத்தொடரை விடாமல் துரத்தும் ஆர்கன் தனிவாசிப்பை இரண்டு முறையாவது கேட்க வேண்டும்.

பதிவின் வயது, பாடகர் குழு முழுவீச்சில் பாடும்போது சற்றே தெரிகிறது. அரங்கேற்றக் காலத்தில் மாற்றப்பட்ட வடிவமே இதில் உள்ளது. சிலுவைப்பாட்டுப் பகுதிக்கு மூன்று தொகுதி டிம்பானி முரசுகளைக் கேட்ட மூல வடிவத்தை விரும்புவோர் நடத்துநர் சார்லஸ் மெக்கராஸ் 1990களில் டேனிஷ் குழுவுடன் செய்த பதிவைத் தேடலாம்.

எழுத்தாளர் நிக்கோலாய் கோகலின் கதையைத் தழுவிய ‘தாராஸ் புல்பா’ 1918இல் முடிந்தது. மூன்று மரணங்களைச் சொல்லும் இதன் இறுதியில் மணிகளும் ஆர்கனும் சேர்ந்தெழும் பகுதிக்காகவே தட்டை வாங்கலாம்.