நீருக்கடியில் கைத்துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா, முக்குளிப்பு வீரரின் தனி ஆயுதமா?

1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறக்கக் காரணமான, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவன் நான். இடுப்பில் துப்பாக்கியோடு பால்மர (ரப்பர்) நிரைகளில் நடந்த நிர்வாகிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அண்மையில் இங்குள்ள தேநீர்க் கடையில் தம்பிமார் சிலர் ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2016-இல் நார்வே இயற்பியலாளர் ஆந்திரேயாஸ் வால் நீச்சல் குளத்தில் இறங்கி, தம்மை நோக்கி நீருக்கடியில் பொருத்திய துப்பாக்கியைக் கயிற்றை இழுத்துச் சுடுகிறார். தோட்டா அவரை எட்டாமலே விழுந்துவிடுகிறது. “அப்படியென்றால் தண்ணீருக்குள் சுடுவதில் ஆபத்தே இல்லையா, அண்ணே?” என்று ஒருவர் கேட்டார். உண்டு, ஆனால் எங்கே என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.

வெடிமருந்து எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், தோட்டா நீருக்குள்ளும் வெடிக்கும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. குழலில் நிறைந்த நீரையும் தோட்டா முன்னே தள்ள வேண்டியிருப்பதால் உள்ளழுத்தம் ஏறுகிறது. குழலில் பாதி காற்றும் பாதி நீருமாக இருப்பது இன்னும் கேடு. காற்றில் வேகமெடுத்த தோட்டா நீரில் மோதும் இடத்தில் குழல் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம்.

இயங்குவதை மட்டும் பார்த்தால் பிஸ்டலைவிட ரிவால்வரே மேல். விசையை மறுபடி இழுத்தால், தோட்டாக்கள் அடங்கிய அதன் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் மேற்பகுதி பின்னோக்கி ஓடி வெற்றுத் தோட்டாவைக் கழற்ற வேண்டும். நீர் அந்த ஓட்டத்தைத் தடுப்பதால் அது பாதியில் சிக்கிக்கொள்ளலாம். சுடும் ஊசியின் பாதையில் நீர் தேங்கினால் அடியும் வலுவிழக்கும். அந்த நீர் விலகுவதற்கென்றே குளோக் நிறுவனம் தனி உதிரிப்பாகம் செய்தது. எனினும் ரிவால்வரைப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடுகிறது. பிடித்திருக்கும் விரல்கள் அதற்கு மிக அருகில் உள்ளன.

மூன்றாம் வகையான முக்குளிப்பு வீரரின் ஆயுதம், நீருக்கென்றே பிறந்தது. சோவியத் கைத்துப்பாக்கியான எஸ்பிபி-1 நான்கு குழல்கள் கொண்டது. வழக்கமான தோட்டாவுக்குப் பதில் 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீண்ட எஃகு அம்பை எய்கிறது. ஜெர்மனியின் பி11 ஐந்து குழல்களோடு மின்சாரத்தால் சுடுகிறது. சாதாரணத் தோட்டா ஓரிரு மீட்டரில் ஓய்ந்துவிட, இவற்றின் அம்புகள் பல மீட்டர் நேராகச் செல்கின்றன; ஆழம் கூடக்கூட அந்தத் தொலைவு குறையும். மூன்றில் நான் மதிப்பது இதைத்தான், அதுவும் பயிற்சி பெற்ற படைவீரர் கையில் மட்டும்.

ஆயுதம் தாங்கினாலும் உடல் தாங்குமா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. சிறுவனாக இருந்தபோது, தோட்டத்து ஆற்றில் யாரோ வெடி போட்டதில் செத்து மிதந்த மீன்களைப் பாட்டி அரிவாள்மனையில் அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். செதில் ஒன்றுகூடக் கலையவில்லை; வயிற்றைத் திறந்தால் காற்றுப்பை கிழிந்து இரத்தம் கட்டியிருந்தது. துப்பாக்கியின் வெடிப்பு அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாயும் அழுத்த அலை, காற்று நிறைந்த இடங்களைத்தான் முதலில் தாக்குகிறது. மனிதனுக்கு அவை செவியும் நுரையீரலும். கை நீட்டும் தூரத்தில் சுடுபவருக்கு, தோட்டா நின்றுவிடுவதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

கரையில் நின்று நீருக்குள் சுடுவதையும் தம்பிமார் மாற்றுவழியாகச் சொன்னார்கள். உரிமமில்லாத துப்பாக்கியை 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, தாழ்ந்த கோணத்தில் சுட்ட தோட்டா நீருக்குள் இறங்காது. சில்லுக்கல்போல் தாவி எதிர்க்கரைக்குப் போகும். நம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் எதிர்க்கரையில் எப்போதும் யாராவது தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.