நெல்லுக்கு எது: பிரஸ்மட்டா, மீன் அமிலமா, பொட்டல உயிர் உரமா?

மூன்றையும் 'உயிர் உரம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்க்கரை ஆலையில் சாறு வடிகட்டிய பிறகு மிஞ்சும் பிரஸ்மட், மீன் வெட்டுகிற இடத்தில் கழிவை வாங்கி வந்து நாட்டுச்சர்க்கரை போட்டு ஊறவைக்கும் மீன் அமிலம், வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கும் அசோஸ்பைரில்லம் (காற்றின் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பயிருக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா) பொட்டலம். நுண்ணுயிரை நிலத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே செய்தது கடைசியில் சொன்னது மட்டும்தான். முதலாவது மண்ணுக்குச் சோறு, இரண்டாவது இலைக்குத் தெளிப்பது. ஒன்றைத்தான் வாங்க முடியும், வண்டி வாடகையும் கொடுக்க முடியும் என்றால் நான் பிரஸ்மட்டைத்தான் சொல்வேன்.

100 டன் கரும்பு அரைத்தால் 3 முதல் 4 டன் பிரஸ்மட் கிடைக்கும். தொழுவுரத்தை விட மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளம். சாறு தெளிய வைக்கச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் விடும் ஆலை என்றால் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சேர்ந்தே வரும், சோடியம் உப்பு மிகுந்து இறுகிப்போன களர் நிலத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆலையிலிருந்து வந்த ஈரத்தோடு வயலில் கொட்டக் கூடாது. புதுக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், சில நொடிகூட வைத்திருக்க முடியாத சூடு இருக்கும், புளித்த கரும்புச்சாறு வாடை அடிக்கும். அதில் கரும்பு மெழுகும் இருப்பதால் சீக்கிரம் மக்காது. ஒரு வருடம் அவசரத்தில் அப்படியே போட்டுச் சேற்றுழவு ஓட்டி நட்டுவிட்டேன். இரண்டு வாரம் பயிர் பச்சை பிடிக்கவே இல்லை, வெளிர் மஞ்சளாக நின்றது. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டால் நாற்றுக்கு என்ன மிஞ்சும்? அதிலிருந்து இரண்டு மூன்று மாதம் குவித்து வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, நாலைந்து முறை புரட்டிப் போட்டு, கருப்பாக, பொலபொலவென்று, மண்வாசனை வந்த பிறகுதான் வயலுக்கு எடுக்கிறேன். பக்கத்தில் தென்னை இருந்தால் புரட்டும்போது காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அதற்குப் பிடித்த இடம் இந்தக் குவியல்தான்.

மீன் அமிலத்தைப் பற்றி நிறைய நல்ல பேச்சு இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மீனும் சர்க்கரையும் சரிபாதி. மீனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு புரதம், புரதத்தில் ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து. அப்படியானால் ஒரு லிட்டர் மீன் அமிலத்தில் 20 கிராமுக்குப் பக்கத்தில்தான் தழைச்சத்து வரும். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, ஏக்கருக்கு 10 டேங்க் என்று அடித்தால் நீங்கள் கொடுப்பது அந்த 20 கிராம். மத்திய கால நெல்லுக்குத் தழைச்சத்துப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ! தெளித்த சில நாளில் இலை பளிச்சென்று தெரிவதை நானும் பார்த்திருக்கிறேன், தூர் கட்டும் சமயத்தில் இரண்டு முறை அடிப்பதில் தப்பில்லை. அதையே உரம் என்று நம்பி அடியுரத்தை விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. செலவு மீனுக்கு இல்லை, சர்க்கரைக்குத்தான். நெடியும் உண்டு, மூடியைத் தொறந்தால் தெருவே முகம் சுளிக்கும்.

பொட்டலம் மூன்றிலும் மலிவு. ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 2 கிலோ, 25 கிலோ தொழுவுரமும் 25 கிலோ மணலும் கலந்து நடவுக்கு முன் தூவச் சொல்வார்கள். தொழுவுரத்துக்குப் பதில் ஆறிய பிரஸ்மட்டில் கலந்தால் இன்னும் நல்லது, ஆறியது என்பதுதான் முக்கியம், சூட்டில் போட்டால் நுண்ணுயிர் செத்துப்போகும். காலாவதி தேதி பாருங்கள். வெயில் படும் ஷெல்பில் கிடந்த பொட்டலமாக இருந்தால் தேதி சரியாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். மட்கே இல்லாத மண்ணில் தூவினால், சாப்பாடில்லாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பின மாதிரிதான்.

அப்புறம் யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா, அதில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. ஏக்கருக்கு 4 டன் பிரஸ்மட் போட்டாலும், பாதி ஈரம் போக, 1.5 சதவீதம் என்று வைத்தால் 30 கிலோ தழைச்சத்து, அதிலும் முதல் போகத்துக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். அதனால் முதல் வருடமே யூரியாவை முழுசாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு மேலுரத்தைக் குறைத்துப் பாருங்கள், பயிரின் நிறத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, பிரஸ்மட் முன்பு போல எளிதில் கிடைக்காமல் போகலாம். மத்திய அரசு 2018இல் அழுத்தப்பட்ட உயிரிவாயுத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு பிரஸ்மட் அந்த வாயு தயாரிக்கும் மூலப்பொருளாகவும் ஆகிவிட்டது. வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கசடும் நல்ல உரம்தான், ஆனால் அது பக்கத்து வயல்காரனுக்கு என்ன விலையில் வரும் என்று கேட்க வேண்டியது நாம்தான். ஆகவே அரவை நடக்கும்போதே ஆலையில் சொல்லி வைத்து, கோடையில் இறக்கிக் குவித்துவிடுங்கள், சம்பா நடவுக்குள் ஆறிவிடும்.