சிக்னல் கேமராவா, மஞ்சள் விளக்கா: காரைக்குடிக்கு எது முதலில்?

காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, மூட்டை ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல், பிள்ளையார்பட்டி போகும் வேன் எல்லாம் ஒன்றாக வரும். இப்படிப்பட்ட சந்திப்பில் சிவப்பைத் தாண்டுவதைக் குறைக்க மூன்று வழி: கேமரா, நொடி காட்டும் டைமர், விளக்கு நேரத்தைத் திருத்துவது. கடைசி வழிதான் மலிவு. சிக்னலை இயக்கும் கண்ட்ரோலரில் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது கேமராவை.

மஞ்சளுக்கான கணக்கு இது. சுதாரிக்க 1 நொடி. அதோடு வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, 6.1-ஆல் (கார் பிரேக்கின் வலுவைக் குறிக்கும் எண்) வகுத்துக் கூட்ட வேண்டும். 40 கி.மீ. வேகத்துக்கு 2.8 நொடி, 50-க்கு 3.3, 60-க்கு 3.7. செட்டிநாடு பெரும்பாலும் சமதளம், சரிவுக்குத் திருத்தம் வேண்டாம். ஆனால் இது கார் பிரேக்குக்கான கணக்கு. ஆள் நின்று வரும் பஸ்ஸை அப்படி அழுத்தினால் உள்ளே இருப்பவர்கள் விழுவார்கள். மெதுவாகப் பிடிக்க 50-இல் 4.5 நொடி ஆகும். அங்கே மஞ்சள் 3 நொடி என்றால் நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. அதன்மேல் கேமரா வைத்தால் வசூல்தான் நடக்கும். சிகாகோவில் 2.9 நொடி மஞ்சளுக்கே சுமார் 77,000 அபராதச் சீட்டு போனது 2014-இல் வெளிவந்தது. 2017-இல் சிவப்பு விழுந்தபின் தரும் சலுகையை அந்நகரம் 0.1 நொடியிலிருந்து 0.3 ஆக்கியது.

கேமராவை வீண் என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 132 சந்திப்புகளை அலசிய 2005 ஆய்வில் பக்கவாட்டு மோதல் 24.6 சதவீதம் குறைந்தது. பின்னால் இடிப்பது 14.9 சதவீதம் கூடியது. உயிரை அதிகம் எடுப்பது பக்கவாட்டு மோதல். ஆனால் நம்மூரில் பின்னால் இடி வாங்குவது பெரும்பாலும் பைக் என்பதால் அந்தக் கூடுதல் சின்ன விஷயமில்லை.

டைமர்? பச்சையில் 3, 2 என்று தெரிந்ததும் இந்தப் பக்கம் முறுக்குகிறார்கள். சிவப்பில் 2, 1 வருமுன் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் சிவப்புக்கு மட்டும், அதுவும் கடைசி 5 நொடி அணைந்திருக்கட்டும்.

மஞ்சளுக்குப் பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். 20 மீட்டர் சந்திப்பை 12 மீட்டர் பஸ் 40 கி.மீ. வேகத்தில் தாண்ட 2.9 நொடி. 20 கி.மீ.இல் போகும் எக்ஸ்எல்லுக்கு 4 நொடி. எக்ஸ்எல்லுக்கு ஒரு நொடி குறைந்தாலும் 3 நொடி வைக்கலாம். 5 என்றால் ஊரே பழகி அதிலும் புகுந்துவிடும்.

இவ்வளவும் சரிசெய்தபின் கேமரா வரட்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதி, கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் புதுப்பிப்பையும் முன்னறிவிப்புப் பலகையையும், படத்துடன் 15 நாளுக்குள் நோட்டீஸையும் கேட்டது. இரண்டு படம் தேவை: சிவப்பு எரியும்போது முன்சக்கரம் நிறுத்தக் கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம், அடுத்து வண்டி சந்திப்புக்குள். செம்மண் படிந்து நிறுத்தக் கோடு மறைந்துவிட்டால் முதல் படம் எதையும் நிரூபிக்காது. மழைக்காலம் முடிந்ததும் கோட்டைக் கழுவி, தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் மறுபடி அடிக்க வேண்டும். அதுவரை சலான் அனுப்பக் கூடாது.