கடலோரப் பூங்காவா, ஊருக்குள் இருக்கும் பூங்காவா?

கடலோரப் பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டுமே கிடைக்கும், எதற்கு எப்போது போவது என்பதில்தான் விஷயம். கடலை ஒட்டிய பூங்காவின் பெரிய வசதி காற்று: வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கும், பிற்பகலில் நன்றாகவே வீசும். நிழலைத்தான் தேட வேண்டும். மணலில் தண்ணீர் நிற்காது, உப்புக்காற்று இலை நுனியைக் கருக்கிவிடும், அதனால் புன்னை, பூவரசு, தென்னை, சவுக்கு மாதிரி உப்பைத் தாங்குகிற மரங்கள்தான் தாக்குப்பிடிக்கும். ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையில் துரு ஒட்டும்.

ஊருக்குள் இருப்பதில் காற்று குறைவு, கொசு அதிகம், அது உண்மை. ஆனால் நன்றாகப் படர்ந்த பழைய மரம் ஒன்றின் கீழே நின்றால் வித்தியாசம் தெரியும், நிழல் மட்டுமல்ல, இலைகள் நீராவியை வெளிவிடுவதாலும் அந்த இடம் குளிர்கிறது. அப்புறம், மழை கொட்டும்போது தார்ச்சாலையில் ஓடிவரும் தண்ணீரைக் கொஞ்சமாவது உறிஞ்சுவது இந்த மண்தான் (நடைபாதை என்று சொல்லி முழுக்க சிமெண்ட் கல் பதித்துவிட்டால் அதுவும் போச்சு). காலை பத்து மணிக்குக் குழந்தையோடு போவதென்றால் நான் இங்கேதான் போவேன். மாலை ஐந்துக்கு மேல் என்றால் சரி, கடல் பக்கம்.