அம்மாவின் போனுக்காகவே ஒரு ஊர்ப் பயணம்

நவம்பரில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தேன். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போனபிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார், வயது 74, குடும்பப் பென்ஷன் வருகிறது. இந்தத் தடவை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் அவர் போனைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

"போன்ல இருந்ததெல்லாம் காணாமப் போயிடுதுடா" என்பது அம்மாவின் வெகுநாள் புகார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாம் திரையைத் தொடுகிறோம், அம்மா காலிங் பெல்லை அமுக்குவது போல அமுக்குகிறார். விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், போன் அதை 'அழுத்திப் பிடித்தல்' என்று எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்திவிடுகிறது, சில நேரம் நீக்கியும் விடுகிறது. ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் அந்த நேரத்தைக் கூட்டிவைக்க வசதி இருக்கிறது. அதைக் கூட்டி, முகப்புத் திரை மாறாதபடி பூட்டியும் வைத்தேன், அன்றோடு அந்தப் புகார் நின்றது. இரண்டு வருஷமாக வீடியோ காலில் "பாத்து அமுக்கும்மா" என்று நான் கடிந்துகொண்டதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆகப் பெரிய அளவு வைத்தால் சில ஆப்களில் பொத்தான்களே திரைக்கு வெளியே போய்விடும். ஒரு படி குறைத்துவைத்தது சரியாக இருந்தது. போன் வாங்கிய கடையிலேயே ஏற்றிக் கொடுத்த கடன் ஆப்களையும் தூக்கிவிட்டேன்.

வாட்ஸ்அப்பைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. சொந்தக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்து 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல், பெயரின் கடைசியில் ஏபிகே. அது பத்திரிகை இல்லை, ஆப். நிறுவி, கேட்கிற அனுமதியையும் கொடுத்துவிட்டால் ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸைக்கூடப் படித்துவிடும். நல்லவேளை, அம்மா திறக்கவில்லை. வாட்ஸ்அப், குரோம் வழியாக ஆப் நிறுவும் அனுமதியை அணைத்தேன், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி செய்தேன், இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டேன். போலீஸோ சிபிஐயோ வீடியோ காலில் யாரையும் கைது செய்யச் சட்டத்தில் இடமே இல்லை, அப்படி யாராவது பேசினால் கட் பண்ணிவிட்டு எனக்குப் போடு என்று சொல்லி, நானே மாடியிலிருந்து அதிகாரி போலப் பேசி நாலு தடவை பழக்கினேன். சைபர் குற்ற உதவி எண் 1930ஐ 'பணம் போச்சு' என்ற பெயரில் சேமித்துவைத்தோம். பணம் போனால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்க வாய்ப்பு.

யூபிஐயில் பென்ஷன் கணக்கை இணைக்கவில்லை. வேறொரு கணக்கில் ஐயாயிரம் போட்டு அதை மட்டும் இணைத்தேன். பணம் நமக்கு வருவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை (PIN) போடவே வேண்டாம், அது கொடுப்பதற்கு மட்டும்தான் என்பதை அம்மாவையே திருப்பிச் சொல்லவைத்தேன்.

அலைச்சல் எல்லாம் வங்கியில்தான். பென்ஷன் கணக்கில் இன்னும் அப்பாவின் பழைய எண்ணே இருந்தது. செயலிழந்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம், அப்புறம் நம் கணக்கு விவரமெல்லாம் அந்தப் புது ஆளின் போனுக்குப் போகும். இதை எடுத்துச் சொல்லியும் முதல் நாள் சர்வர் இல்லை என்றார்கள், மறுநாள் படிவம் சரியில்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு இளம் அதிகாரி அம்மாவை உட்காரவைத்துப் பத்தே நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார்.

பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் காட்ட வேண்டிய ஆயுள் சான்றிதழ் அதற்கு நேர்மாறு. அஞ்சல் துறை பேமெண்ட்ஸ் வங்கியில் சொல்லிவைத்தால் தபால்காரர் வீட்டுக்கே வருகிறார், கட்டணம் 70 ரூபாய். ரேகை பதியவில்லை, முகத்தைக் காட்டி முடித்துவிட்டோம். வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் முடியவில்லை. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் எல்லாம் ஆங்கிலத்தில், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். தமிழில் அனுப்பச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.